நீண்ட மலைநடைக்கு எம்.சி.டி தூள்: லோ கார்ப் சாப்பிடுபவரின் மதிப்புரை

நீண்ட மலைநடைக்கு எம்.சி.டி தூள், அதாவது நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பைத் தூளாக்கியது, வாங்கலாமா என்று லோ கார்ப் சாப்பிடும், அதாவது மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும், நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் டப்பாவின் முன்பக்கத்தில் போட்டிருக்கும் காரணத்துக்காக வாங்காதீர்கள். அங்கே பெரும்பாலும் ஒரு மலை உச்சி, முதுகுப்பையோடு ஒருவர், கீழே "நாள் முழுக்கத் தீராத ஆற்றல்" என்று ஒரு வரி இருக்கும். இந்தத் தூளால் அதைத் தர முடியாது. அது செய்யும் வேலை வேறு, சின்ன வேலை. அந்தச் சின்ன வேலையை நன்றாகவே செய்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றதால் மாவுச்சத்தைக் குறைத்தேன். இப்போது ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழேதான். மலைநடையை விட எனக்கு மனசு வரவில்லை. இருட்டோடு கிளம்பி, வெளிச்சம் மங்கும்போது இறங்கி வந்து சேரும் நடைகள்தான் எனக்குப் பிடித்தவை. என் தம்பி கூட வருவான். அவன் எல்லாம் சாப்பிடுகிறவன், மணிக்கு ஒரு முறை எதையாவது பிரித்து வாயில் போட்டுக்கொண்டே நடப்பான். ஒரே ஏற்றம், ஒரே சுமை, இரண்டு விதமான எரிபொருள் என்று பக்கத்துப் பக்கத்திலேயே பார்க்க முடிகிறது. கீழே சொல்வதில் பாதி அவனைப் பார்த்துக் கற்றது.

நான் வாங்கிய டப்பாவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கடையில் இருக்கும் எல்லாத் தூள்களும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். எதோடு சேர்த்துத் தூளாக்கியிருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கணக்கு. நம் உடம்பில் சேமித்து வைக்கக்கூடிய மாவுச்சத்து ரொம்பக் குறைவு. கல்லீரலில் 100 கிராம் அளவுக்கும் தசைகளில் 400 கிராம் அளவுக்கும் கிளைகோஜனாக இருக்கும். எல்லாம் சேர்த்து 2,000 கலோரி. கொழுப்போ, 70 கிலோ எடையுள்ள ஒல்லியான ஆளிடம்கூட 7, 8 கிலோ இருக்கும். அது 60,000 கலோரிக்கு மேல். பையோடு ஏறும்போது மணிக்கு 400 முதல் 600 கலோரி வரை செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைகோஜனை மட்டும் நம்பினால் நான்கைந்து மணி நேரத்தில் கஜானா காலி. அதனால்தான் தம்பி மணிக்கு ஒரு முறை பிரிக்கிறான்.

கொழுப்பு நிறைய இருக்கிறது, சரி. அதை எவ்வளவு வேகமாக எடுத்து எரிக்க முடியும் என்பதுதான் கேள்வி. 2016-ல் ஜெஃப் வோலெக் குழுவினர் வெளியிட்ட, "ஃபாஸ்டர்" என்று பெயரிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. மிக நீண்ட தூர ஓட்டக்காரர்கள் 20 பேர். அவர்களில் பாதிப் பேர் மாதக்கணக்கில் லோ கார்ப் சாப்பிட்டுப் பழகியவர்கள், மீதிப் பேர் வழக்கமாக மாவுச்சத்து சாப்பிடுகிறவர்கள். லோ கார்ப் ஆட்கள் உச்சத்தில் நிமிடத்துக்கு சராசரியாக 1.54 கிராம் கொழுப்பை எரித்தார்கள். மற்றவர்கள் 0.67 கிராம். கலோரியில் சொன்னால் மணிக்கு 800-க்கு மேல் ஒரு பக்கம், 360 மறுபக்கம். அவர்கள் தேர்ந்த வீரர்கள். நம்மைப் போன்றவர்கள் அந்த எண்ணைத் தொட மாட்டோம். ஆனால் நாம் ஓடவும் இல்லை. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் நடந்தால், பழகிய உடம்பு தேவையில் பெரும்பகுதியைத் தன் கொழுப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் தூளின் இடமும் புரிந்துவிடும். இடுப்பிலேயே 60,000 கலோரியைச் சுமந்துகொண்டு போகிறவருக்கு ஒரு ஸ்கூப் தூளில் வரும் கலோரி ஒரு பொருட்டே இல்லை.

அந்த ஸ்கூப்பையும் எடை போட்டுப் பார்த்துவிடுவோம். என்னிடம் இருப்பதில் ஒரு ஸ்கூப் 10 கிராம். அதில் 7 கிராம்தான் எம்.சி.டி எண்ணெய். மீதி 3 கிராம், எண்ணெயைத் தூளாகப் பிடித்து வைத்திருக்கும் நார்ப்பொருள். எம்.சி.டி ஒரு கிராமுக்கு 8.3 கலோரி. ஆக, ஒரு ஸ்கூப்புக்கு 60 கலோரி அளவில்தான் தேறும். அதே 10 கிராம் மெக்கடாமியா பருப்பில் 72 கலோரி இருக்கிறது! அதைக் கலக்க வெந்நீர் வேண்டாம், கலக்கிய குப்பியைக் கழுவ வேண்டாம், பையிலிருந்து எடுத்து அப்படியே மெல்லலாம். "மிகச் செறிவான ஆற்றல்" என்று டப்பாவில் எழுதியிருப்பது ஒரு பருப்பிடம் தோற்றுப்போகிறது. சுமையைக் கிராம் கணக்கில் குறைக்கும் மலைநடைக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு எதற்காக நான் இன்னும் வாங்குகிறேன்? இரண்டு காரணம்.

ஒன்று, விடியலுக்கு முந்தைய நேரம். எழுந்த உடனே எனக்கு எதுவும் இறங்காது. ஆனால் வெறும் வயிற்றோடு பெரிய ஏற்றத்தைத் தொடங்கினால் தலை கனமாகிவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு சூடான குவளையில் ஒரு ஸ்கூப், ஒரு சிட்டிகை உப்பு. சாதாரணக் கொழுப்பு குடலில் உறிஞ்சப்பட்டு, நிணநீர் வழியாகச் சுற்றி, அப்புறம்தான் ரத்தத்துக்கு வரும். எம்.சி.டி-யின் சங்கிலி குட்டையானது, அதனால் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய்விடுகிறது. கல்லீரல் அதைச் சீக்கிரமே கீட்டோனாக, அதாவது மூளையும் தசையும் எரிக்கக்கூடிய எரிபொருளாக, மாற்றிவிடும். வீட்டில் கீட்டோன் மீட்டரில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் எண் கொஞ்சம் ஏறியிருக்கும். கொஞ்சம்தான். கால்களுக்கு அதனால் புது வலு வந்ததாக நான் சொல்ல மாட்டேன். தலை தெளிவாக இருக்கிறது, முதல் இரண்டு மணி நேரம் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பே வருவதில்லை. அது போதும்.

இரண்டாவது காரணம், பிற்பகலில் வரும் அலுப்பு. ஆறு, ஏழு மணி நேரம் நடந்த பிறகு மென்று தின்பதே பெரிய வேலையாகத் தோன்றும். பருப்பு வாயில் மரத்தூளாகச் சுற்றிச் சுற்றி வரும், விழுங்க எச்சில் இருக்காது. உயரம் கூடக்கூட இது இன்னும் மோசம், பசியே அடங்கிப்போகும். அப்போது குடிக்கிற மாதிரி ஏதாவது இருந்தால்தான் உள்ளே போகும். சூடாக, உப்பாக, கொஞ்சம் கொழகொழப்பாக ஒரு குவளை. அந்த இடத்தில் இந்தத் தூளுக்கு ஈடாக வேறு எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

கலக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர்ப் புட்டியில் தூளைக் கொட்டிக் குலுக்கினால் பாதி கரையும், பாதி சின்னச் சின்ன உருண்டைகளாகி மூடியின் மரைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். குடிக்கும்போது அந்த உருண்டை நாக்கில் உடைந்து, உலர்ந்த மாவு அப்பிக்கொள்ளும். பல டப்பாக்களில் "குளிர்ந்த நீரிலும் கரையும்" என்று எழுதியிருக்கிறார்கள். அறை வெப்பத்தில் சரி, மேலே கை விறைக்கும் குளிரில் நடக்காது. நான் செய்வது இது: ஃபிளாஸ்க் மூடியில் தூளைப் போட்டு, இரண்டு ஸ்பூன் அளவுக்கு மட்டும் வெந்நீர் ஊற்றி, முதலில் பசையாகக் குழைத்துக்கொள்வேன். கரண்டி இல்லையென்றால் ஒரு சுத்தமான குச்சி. பசை வழுவழுப்பானதும் மீதி வெந்நீரை ஊற்றினால் பால் போல வெள்ளையாக, மேலே மெல்லிய நுரையோடு வந்துவிடும். எண்ணெய் தனியாக மிதக்காது. தம்பி ஒரு தடவை என் கையிலிருந்து வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நல்லாத்தான்க்கா இருக்கு, ஆனா இதுல சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டான். சரியான கேள்வி.

சுவை விஷயத்தில் என் கருத்து உறுதியானது: இனிப்பு சேர்க்காததையே வாங்குங்கள். வனிலா, சாக்லேட் என்று வருவதில் செயற்கை இனிப்பு இருக்கும். வீட்டில் குடிக்க அது பிரமாதம். எட்டாவது மணி நேரத்தில், வியர்வை காய்ந்து உதடு உப்புக் கரிக்கும்போது, அந்த இனிப்பு குமட்டும். இனிப்பில்லாததில் கடைசியில் லேசாக ஒரு சோப்பு வாடை நாக்கில் தட்டும். உப்பு போட்டால் அதுவும் போய்விடும்.

இப்போது லேபிளின் பின்பக்கம். எண்ணெயைத் தூளாக்க ஏதாவது ஒரு தாங்குபொருள் வேண்டும். நல்ல தூள்களில் அது அகேசியா நார். சிலவற்றில் பால் புரதத்திலிருந்து எடுத்த சோடியம் கேசினேட் இருக்கும், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டும். இன்னும் சிலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின். இது மாவுச்சத்துதான், சர்க்கரையைப் போலவே வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றும். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று முன்பக்கம் பெரிதாக எழுதி, பின்பக்கம் பொடி எழுத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் போட்ட ஒரு டப்பாவை நானே கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். எழுதியது சட்டப்படி பொய்யில்லை. ஆனால் சர்க்கரைக்குப் பயந்து இந்தத் தூளைத் தேடி வருகிறவரிடம் அப்படி விற்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். பெயரில் வரும் எண் அதன் சங்கிலியில் உள்ள கார்பன் அணுக்களின் எண்ணிக்கை. சி8 எனப்படும் கேப்ரிலிக் அமிலம்தான் கீட்டோனாக மாறுவதில் முன்னணி, அடுத்தது சி10. சி12, அதாவது லாரிக் அமிலம், பேருக்குத்தான் இந்தக் குடும்பம். உடம்பு அதில் பெரும்பங்கை நீளச் சங்கிலிக் கொழுப்பைப் போலவே கையாளுகிறது. சதவீதம் எதுவும் போடாமல் "எம்.சி.டி கலவை" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த டப்பாவை வைத்துவிடுங்கள்.

வயிற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. எம்.சி.டி வயிற்றுக்குள் மிக வேகமாக உடைகிறது. அளவு மீறினால் வயிற்றுப் பிசைவு, அவசரம். நடக்கும்போது குடலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் வீட்டில் தாங்கிய அளவுகூட மலையில் தாங்காது. 1990-களில் சைக்கிள் வீரர்களை வைத்து இதை நிறையச் சோதித்தார்கள். 30 கிராமுக்கு மேல் போனாலே பலருக்கு வயிறு கலங்கியது, 85 கிராம் வரை கொடுத்துப் பார்த்த சோதனையில் வேகம் கூடுவதற்குப் பதில் குறைந்தது. அதனால் என் கட்டுப்பாடு இது: ஒரு வேளைக்கு ஒரு ஸ்கூப், நாளுக்கு மூன்றுக்கு மேல் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வீட்டில் அரை ஸ்கூப்பில் ஆரம்பித்து இரண்டு வாரம் பழகிக்கொள்ளுங்கள். மறைவு இல்லாத மலைச்சரிவில் வயிறு கலங்கினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஒரு நாளைக்கு மூன்று ஸ்கூப் என்றால் 180 கலோரி. பத்து மணி நேர நடைக்கு. "தீராத ஆற்றல்" எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயாகவே வாங்கினால் மலிவு, செறிவும் அதிகம், உண்மைதான். ஆனால் புட்டியின் மூடி பைக்குள் ஒரு சுற்று தளர்ந்தால் போதும், உடை, வரைபடம், தூங்கும் பை எல்லாம் எண்ணெய். வயிற்றுக்கும் அது தூளைவிட முரடு. மலைக்குத் தூள்தான்.

அப்படியானால் என் பையில் உண்மையான சாப்பாடு எது? பருப்புகளும் பருப்பு வெண்ணெயும்தான். பருப்புகளுக்குள்ளும் பாகுபாடு உண்டு. 100 கிராம் மெக்கடாமியாவில் நார் போக நிற்கும் மாவுச்சத்து 5 கிராம் அளவு. பீக்கனில் இன்னும் குறைவு. வால்நட்டில் 7, பாதாமில் 10-ஐ ஒட்டி. முந்திரிக்கு வந்தால் 27! நடந்துகொண்டே கைப்பிடி கைப்பிடியாக அள்ளும்போது இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும். முந்திரியை நான் வேண்டுமென்றே தனிப் பொட்டலமாக வைத்திருப்பேன், செங்குத்தான இடத்துக்கு முன்னால் மட்டும் எடுப்பேன்.

பாதாம் வெண்ணெய் சின்னப் பொட்டலங்களில் வருகிறதே, அதுதான் இந்தப் பட்டியலில் எனக்கு முதலிடம். ஒரு பொட்டலம் 30 கிராம் சொச்சம், 190 கலோரிக்குப் பக்கத்தில். மூன்று ஸ்கூப் தூளுக்கு ஒரு பொட்டலம் சமம். மெல்ல வேண்டாம், புரதமும் கொஞ்சம் உண்டு. குறை என்னவென்றால் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். மூலையைக் கிழித்ததும் முதலில் எண்ணெய் வழிந்து விரலெல்லாம் பிசுபிசுக்கும், அப்புறம் அடியில் இறுகிப்போன கட்டியைப் பிதுக்கிப் பிதுக்கி எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு வழி: கிளம்பும்போதே சட்டையின் உள்பையில், உடம்போடு ஒட்டி வைத்துவிடுங்கள். திறப்பதற்கு முன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து நன்றாகப் பிசையுங்கள். குளிரிலும் ஒரே பதமாக வெளியே வரும். அதோடு ஒரு துண்டு கெட்டிச் சீஸ், ஒரு அவித்த முட்டை. எனக்கு ஒரு பகலுக்கு இவ்வளவுதான். மீதியை உடம்பு கொடுத்துவிடும்.

லோ கார்ப் ஆட்களுக்கென்று விற்கும் கீட்டோ பார்கள் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. பலவற்றில் மால்டிடால் என்ற இனிப்பூட்டி இருக்கிறது, அது ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும், வயிற்றையும் கலக்கும். இன்னும் சிலவற்றில் ஐசோமால்ட்டோ ஒலிகோசாக்கரைடு என்ற பாகை நார்க் கணக்கில் காட்டுகிறார்கள், அதில் கணிசமான பங்கு உடம்பில் செரிமானமாகிச் சர்க்கரையாகிவிடும். குளிரில் பல்லை உடைக்கும் கெட்டி, வெயிலில் உறையோடு ஒட்டிக்கொள்ளும். நான் வாங்குவதில்லை.

இனி உப்பு. இந்த விஷயத்தில் யாராவது என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால், தூளை விடுங்கள், உப்பை எடுங்கள் என்றுதான் சொல்வேன். மாவுச்சத்தைக் குறைத்தால் இன்சுலின் குறைகிறது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காமல் வெளியே அனுப்புகிறது. அதோடு தண்ணீரும் போகும். அதற்கு மேல் மலையில் மணிக்கணக்கில் வியர்வை. வியர்வையின் ஒவ்வொரு லிட்டரிலும் சோடியம் போகிறது, ஆளுக்கு ஆள் அளவு பல மடங்கு மாறும். தொப்பியின் விளிம்பில் வெள்ளைக் கோடு படிகிறவர்கள் நிறைய இழக்கிறார்கள். லோ கார்ப் ஆட்கள் மலையில் "சக்தி தீர்ந்துபோச்சு" என்று சொல்வதில் பெரும்பாதி உண்மையில் சக்திக் குறைவல்ல, சோடியக் குறைவு. தலைவலி, உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டல், கால் ஈயமாகக் கனப்பது, காரணமில்லாத எரிச்சல். இதற்கு எம்.சி.டி குடித்தால் ஒன்றும் ஆகாது. ஒரு குவளை உப்புக் கரைத்த வெந்நீர் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் நிழலில் இருந்து பாருங்கள், பெரும்பாலும் ஆள் திரும்பி வந்துவிடுவார்.

ஒரு தேக்கரண்டி உப்பு 6 கிராம், அதில் சோடியம் 2,300 மில்லிகிராமுக்கு மேல். நான் ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி போடுகிறேன். ஏறத்தாழ 600 மில்லிகிராம் சோடியம் ஆகிறது. நாக்குக்குத் தெரியும், ஆனால் உறுத்தாது. கடையில் விற்கும் எலக்ட்ரோலைட் மாத்திரைகள் பலவற்றில் ஒன்றுக்குச் சில நூறு மில்லிகிராம்தான் சோடியம் இருக்கும். மெக்னீசியம், வைட்டமின், பழச் சுவை என்று நிறைய எழுதியிருப்பார்கள், சோடியத்தைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது தீர்வில்லை. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்போடு குடியுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் என் அளவைப் பின்பற்றாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாவுச்சத்தே வேண்டாமா என்பது லோ கார்ப் ஆட்களுக்குள் சண்டை வரும் இடம். என் நிலைப்பாடு: செங்குத்தான ஏற்றத்துக்குக் கொஞ்சம் வேண்டும். ஒரே அளவு ஆக்சிஜனை வைத்து மாவுச்சத்தை எரித்தால், கொழுப்பை எரிப்பதைவிட ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஆற்றல் கிடைக்கும். சமவெளியில் இது தெரியாது. மூச்சு முட்டும் ஏற்றத்தில், காற்று மெலிந்த உயரத்தில் தெரியும். 2017-ல் லூயிஸ் பர்க் குழுவினர் உலகத் தரமான வேகநடை வீரர்களை வைத்துச் செய்த ஆய்விலும் இதுதான் வந்தது: லோ கார்ப் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பை எரிக்கும் திறன் வெகுவாகக் கூடியது, ஆனால் அதே வேகத்துக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜனும் கூடியது, 10 கிலோமீட்டர் நேரம் முன்னேறவில்லை. அவர்களுக்கு வேகம்தான் எல்லாம். எனக்கு மாலைக்குள் பத்திரமாக இறங்கினால் போதும். அதனால் ஏற்றம் கடுமையாகும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் 10, 15 கிராம் மாவுச்சத்து எடுக்கிறேன், அந்த முந்திரிப் பொட்டலத்தோடு நாலைந்து உலர்திராட்சை. அதை ஏறும் கால்கள் உடனே எரித்துவிடும். உணவுமுறையிலிருந்து விலகிவிட்டோமே என்று வருத்தப்பட அதில் எதுவும் இல்லை.

அவசரத்துக்கு என்று நான் எப்போதும் இரண்டு ஓ.ஆர்.எஸ் பாக்கெட் வைத்திருப்பேன். உலக சுகாதார நிறுவனத்தின் அளவின்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் இருக்கும். சர்க்கரை குறைவு, உப்பு நிறைய. லோ கார்ப் ஆளுக்கு மலையில் திடீரென்று முடியாமல் போனால் சர்க்கரைக் குறைவு, உப்புக் குறைவு இரண்டுக்கும் ஒரே மருந்து. எடை என்று சொல்ல எதுவுமில்லை. இத்தனை விளம்பரத்தோடு விற்கும் எந்தத் தூளையும்விட இந்தப் பாக்கெட்டின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கீட்டோன் பானங்களையும் நண்பர்கள் விசாரிக்கிறார்கள். ஒரு புட்டி ருசி பார்த்தேன். கசப்பும் பெட்ரோல் வாடையும் கலந்த ஒன்று, நீண்ட நேரம் தொண்டையில் நிற்கிறது. ஆய்வு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, சிலவற்றில் வயிற்று உபாதையால் வீரர்கள் பின்தங்கியே போனார்கள். மலைநடைக்குத் தேவையில்லை.

இன்னொன்று முக்கியம். மாவுச்சத்தை நேற்று நிறுத்திவிட்டு இன்று இந்தத் தூளோடு மலையேறாதீர்கள். 1879-ல் வட துருவப் பகுதியில் ஃபிரெடெரிக் ஷ்வாட்கா என்பவர் குழுவோடு ஆயிரக்கணக்கான மைல் பயணம் போனார். கொண்டுபோன உணவு குறைந்த பிறகு பெரும்பாலும் வேட்டை இறைச்சிதான். முதலில் உடம்பு தளர்ந்து கடும் உழைப்புக்கு வணங்காது என்றும், இரண்டு மூன்று வாரங்களில் அது சரியாகிவிடும் என்றும் அவர் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். இன்றைக்கும் அனுபவம் அதேதான். அந்த வாரங்களைத் தூளால் தாண்டிக் குதிக்க முடியாது. சின்னச் சின்ன நடைகளாகப் போய், மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே நடக்கிற வேகத்தில் பழகுங்கள். நீண்ட நடை அப்புறம்.

ஆக யாருக்கு இந்தத் தூள்? லோ கார்பில் ஏற்கெனவே பழகியவர், காலையில் வயிறு திறக்காதவர், பிற்பகலில் மெல்ல முடியாமல் போகிறவர், வெந்நீர் எடுத்துப் போகிறவர். இந்த நான்கும் பொருந்தினால் சி8 அதிகமுள்ள, அகேசியா நாரில் செய்த, இனிப்பில்லாத சின்ன டப்பா ஒன்று வாங்குங்கள். பெரியது வேண்டாம், திறந்த பிறகு ஈரம் இழுத்துக் கட்டிதட்டிவிடுகிறது. ஒவ்வொரு நடைக்கும் மூன்று ஸ்கூப்பைத் தனித்தனிப் பொட்டலமாக, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை உப்போடு கட்டிக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன். பாதாம் வெண்ணெய்க்கு நாலரை.

வாங்கவே கூடாதவர்களும் உண்டு. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவரிடம் பேசி அளவை மாற்றாமல் லோ கார்பில் நீண்ட நடைக்குப் போகக் கூடாது, சர்க்கரை சரிந்துவிடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று "ஃப்ளோசின்" என முடியும் சர்க்கரை நோய் மாத்திரைகள் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாவுச்சத்துக் குறைவு, நீரிழப்பு, கடும் உழைப்பு மூன்றும் சேர்ந்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து அந்த மாத்திரைகளில் இருக்கிறது. குமட்டல், வயிற்று வலி, இளைப்பு என்றுதான் தொடங்கும், மலைக் களைப்பு என்று நினைத்துவிடுவோம். அவர்கள் தூளை வாங்குவதற்கு முன்னால், இந்த உணவுமுறையோடு மலைக்குப் போகலாமா என்பதையே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.